படம் நின்றால் பதறாதீர்கள்
வீட்டுக் கணனியில் நேரடி ஒளிபரப்புத் தடைப்படும்போது பிழையைக் கண்டறியும் முறை



ஊர்க் கோவிலின் தேர், உறவினரின் கலியாணம், பெற்றோரின் இறுதிக் கிரியை ஆகிய மூன்றையும் இன்று நம்மிற் பலர் கணனித் திரையிலேயே காண்கின்றோம். விடுமுறை இல்லாமையால் போக முடியாதோர் சிலர். முதுமையால் போக முடியாதோர் சிலர். அகதிக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருப்பதனால் போக முடியாதோரும் நம்மிடையே உள்ளனர். இவர்கள் எல்லோருக்கும் அந்தத் திரைதான் வீட்டு வாசல். அது குறித்த நேரத்தில் உறைந்து நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நாம் கணனித் துறையைச் சேர்ந்தவரல்லர், கணக்காளர். இப்பாடத்தை நட்டப்பட்டுக் கற்றோம். எமது தந்தையார் யாழ்ப்பாணத்தில் ஒரு தை மாதத்திற் காலமானார். எமது அகதிக் கோரிக்கை அப்போது முடிவாகியிருக்கவில்லை. ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தோம். அங்கு காலை பத்து மணிக்குக் கிரியை. இங்கு முதல்நாள் இரவு பதினொன்றரை. சுண்ணம் இடிக்கத் தொடங்கிய வேளையில் படம் நின்றது. பிரவுசரை மூடித் திறந்தோம். கணனியை நிறுத்தி மீண்டும் போட்டோம். மேலே ஓடி, வீட்டுக்காரரை எழுப்பி, ரவுட்டரின் மின்னிணைப்பைக் கழற்றி மாட்டினோம். எல்லாம் திரும்பி வந்தபோது பாடை படலையைத் தாண்டிவிட்டது. அதே நேரத்தில் மொன்றியாலில் இருந்த மச்சான் ஒரு வினாடியும் தடையின்றி முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

கணக்குப் பதிவில் பரீட்சை மீதி பொருந்தாவிட்டால் எந்தக் கணக்காளரும் பேரேடு முழுவதையும் அழித்து எழுதுவதில்லை. வித்தியாசம் எந்தப் பக்கத்தில் விழுந்தது என்று முதலில் தேடுவார். நாம் அன்று அந்த ஒழுங்கை மறந்தோம். நான்கு காரியங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்தோம். எது பிழை என்பது தெரியாமலே போயிற்று. ஆதலால் இப்பாடத்தின் சாரம் ஒன்றுதான்: முதலில் பிழை இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்; பின்னர் அந்த இடத்தை மாத்திரம் தொடுங்கள்.

1. ஒளிபரப்பு வரும் வழி

ஊரில் தோட்டத்துக்கு இறைப்பதை நினைத்துப் பாருங்கள். கிணற்றிலிருந்து நீர் தொட்டிக்கு வரும். தொட்டியிலிருந்து வாய்க்கால் வழியே பாத்திக்குப் போகும். பாத்தி காய்ந்திருந்தால் தோட்டக்காரர் வாய்க்கால் நீளத்துக்கு நடந்து, நீர் எங்கே உடைத்துக்கொண்டது என்று பார்ப்பார். நேரடி ஒளிபரப்பும் இவ்வாறு நான்கு பகுதிகளைக் கடந்து வருகிறது.

முதலாவது, கமெராவும் அவ்விடத்து இணைய இணைப்பும். இரண்டாவது, அதை வாங்கிப் பிரித்து வழங்கும் யூரியூப், முகநூல் போன்றவற்றின் பெருங்கணனிகள். மூன்றாவது, எமது வீட்டு இணைப்பு; அதாவது மோடம், ரவுட்டர், வைஃபை. நான்காவது, எமது கணனி.

படமும் ஒலியும் சில வினாடிகள் நீளமுள்ள சிறு துண்டுகளாக வெட்டப்பட்டே அனுப்பப்படுகின்றன. கணனி சில துண்டுகளை முன்கூட்டியே வாங்கி ஒரு தொட்டியில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து எடுத்துக் காட்டுகிறது. தொட்டி வற்றினால் திரையில் வட்டம் சுற்றும். 'நேரடி' எனப்படுவது உண்மையில் பல வினாடிகள் பிந்தியே எம்மை வந்தடைவதற்கும் இத்தொட்டி ஒரு காரணம்.

இது புதிய தொல்லையன்று. 1990களில் ரொறன்ரோத் தமிழ் வானொலிகள் பண்பலையின் துணை அலைவரிசையில் ஒலித்த காலத்தில், அவற்றைக் கேட்கத் தனியான வானொலிப் பெட்டி வாங்க வேண்டியிருந்ததை மூத்த அன்பர்கள் அறிவர். 1995இல் சியாற்றில் நகரத்து நிறுவனமொன்று ரியல்ஓடியோ என்னும் மென்பொருளை வெளியிட்டது. வினாடிக்கு 14.4 கிலோபிற் வேகமுள்ள தொலைபேசி மோடத்தின் மூலமும் அதில் ஒலியைக் கேட்கலாம். ஆனால் அடிக்கடி காத்திருக்க வேண்டும். இன்று சாதாரண இணைய வானொலி ஒன்று 128 கிலோபிற்றில் ஒலிக்கிறது. ஏறத்தாழ ஒன்பது மடங்கு. வாய்க்கால் அகன்றுவிட்டது. ஆனால் உடைப்பு ஏற்படும் இடங்கள் அப்படியே உள்ளன.

2. பிழை எந்தப் பகுதியில்? மூன்று சோதனைகள்

படம் நின்றவுடன் கணனியைத் தொடாமல், கைத்தொலைபேசியை எடுக்கவும்.

முதற் சோதனை: தொலைபேசியில் வைஃபையை நிறுத்தி, தொலைபேசியின் சொந்தத் தரவில் அதே ஒளிபரப்பைத் திறக்கவும். அதிலும் நின்றிருந்தால் பிழை பெரும்பாலும் அனுப்பும் பக்கத்திலேயே உள்ளது. வேறு வீட்டில் இருந்து பார்க்கும் உறவினர் ஒருவரைக் கேட்டும் இதை உறுதிப்படுத்தலாம். திருவிழாக் கூட்டத்தில் ஆயிரக்கணக்கான தொலைபேசிகள் ஒரே கோபுரத்தைப் பயன்படுத்தும்போது இவ்வாறு ஆவது இயல்பு. இங்கிருந்து செய்யக்கூடியது ஒன்றுமில்லை. எதையும் மாற்றாமல் காத்திருக்கவும்.

தொலைபேசியில் நன்றாக ஓடினால், பிழை எமது வீட்டிலே. ஆனால் பதற்றம் வேண்டாம். தொலைபேசியில் தொடர்ந்து பார்த்துக்கொண்டே கணனியைச் சீர்செய்யலாம். நிகழ்ச்சி கைநழுவிப் போகாது. வினாடிக்கு ஒரு மெகாபிற் அளவான சாதாரணப் படத்துக்கு ஒரு மணித்தியாலத்தில் 450 மெகாபைற் தரவு செலவாகும் என்பதை மாத்திரம் நினைவிற் கொள்க.

இரண்டாஞ் சோதனை: அதே தொலைபேசியை வீட்டு வைஃபையில் இணைத்து, கணனி இருக்கும் இடத்திலேயே வைத்துப் பார்க்கவும். நின்றால் பிழை வீட்டு இணைப்பில். ஓடினால் பிழை கணனியில்.

மூன்றாஞ் சோதனை: கணனியில் வேறொரு நேரடி ஒளிபரப்பைத் திறக்கவும். அது ஒழுங்காக ஓடினால் கணனியும் இணைப்பும் பெரும்பாலும் சரியே. குறித்த அந்த இணையத்தளத்திலோ அதன் அமைப்பிலோ கோளாறு.

மூன்றுக்கும் சேர்த்து ஐந்து நிமிடங்கள்கூட ஆகா. அன்றிரவு நாம் முதற் சோதனையை மாத்திரம் செய்திருந்தால் போதுமாயிருந்தது.

3. பிழை வீட்டு இணைப்பிலானால்

முதலில் படத்தின் தரத்தைக் குறைக்கவும். திரையின் கீழ்ப்புறம் உள்ள பற்சக்கர அடையாளத்தை அழுத்தினால் 1080, 720, 480, 360 என்று எண்கள் தோன்றும். 1080க்கு வினாடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிற்றும், 720க்கு ஏறத்தாழ 3 மெகாபிற்றும் வேண்டும். 480 அல்லது 360க்கு மாற்றினால் தொட்டி விரைவில் நிரம்பும். முகம் சற்று மங்கலாகத் தெரியும். ஆனால் நிகழ்ச்சி நிற்காது.

அடுத்து, வீட்டில் வேறு யார் நீரை எடுக்கிறார்கள் என்று பார்க்கவும். பிள்ளைகள் பெரிய விளையாட்டு மென்பொருளைத் தரவிறக்குவது, தொலைபேசிகள் படங்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றுவது, கணனி தானே புதுப்பிப்பது ஆகியன வாய்க்காலை மறித்துவிடும். ஒரு மணித்தியாலத்துக்கு அவற்றை நிறுத்தி வைக்கவும்.

பின்னர் வைஃபை. இது இரண்டு அலைவரிசைகளில் வருவது வழக்கம். 5 கிகாஹேட்ஸ் வேகம் கூடியது. ஆனால் சுவர்களைக் கடக்க முடியாமல் விரைவில் சோர்ந்துவிடும். 2.4 கிகாஹேட்ஸ் தூரம் போகும். ஆனால் அயல்வீடுகளின் வைஃபையும் சமையலறையின் மைக்ரோவேவ் அடுப்பும் அதைக் குழப்பும். ரவுட்டர் மேல்மாடியிலும் கணனி பேஸ்மென்றிலும் இருந்தால் 2.4ஐத் தெரிவு செய்து பார்க்கலாம். அல்லது மடிக்கணனியைத் தூக்கிக்கொண்டு ரவுட்டர் இருக்கும் அறைக்கே போகலாம். எல்லாவற்றிலும் உறுதியானது, ரவுட்டரிலிருந்து கணனிக்கு நேரே கேபிள் இழுப்பதுதான். மடிக்கணனியில் அதற்கான துளை இல்லாவிடின் சிறிய இணைப்பான் ஒன்று வாங்கலாம்.

எமக்கு நேர்ந்தது இதுவே. மறுவாரம் வீட்டுக்காரரின் அனுமதியுடன் கேபிள் கொண்டு சோதித்தபோது ஒரு தடையும் இல்லை. கணனியும் இணைய நிறுவனமும் குற்றமற்றவை. எமக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருந்த ஒரு தளமும் இரண்டு சுவர்களுமே குற்றவாளிகள்.

ரவுட்டரை நிறுத்திப் போடுவது நல்ல வைத்தியமே. ஆனால் அது மீண்டு வரச் சில நிமிடங்கள் ஆகும். நிகழ்ச்சிக்கு ஒரு மணித்தியாலம் முன்னர் செய்யவும். நடுவில் செய்ய வேண்டாம்.

இங்கே பணம் பற்றி ஒரு வார்த்தை. படம் நின்றால் கூடிய வேகமுள்ள திட்டத்துக்கு மாறும்படி விற்பனையாளர் சொல்வார். மாறுவதற்கு முன் அளந்து பாருங்கள். கனடாவின் ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணைக்குழு 2016 டிசம்பரில், இந்நாட்டு வீடுகளுக்குத் தரவிறக்கம் வினாடிக்கு 50 மெகாபிற், ஏற்றம் 10 மெகாபிற் என்பதை இலக்காக அறிவித்தது. ஒரு நேரடி ஒளிபரப்பைப் பார்க்க அதன் பத்திலொரு பங்கு போதும். கனடிய இணையப் பதிவு நிறுவனமான சீரா தன் இணையத்தளத்தில் இலவசமாக வேகம் அளக்கும் வசதி தருகிறது. இரு முறை அளக்கவும்: ஒருமுறை ரவுட்டருடன் கேபிளில் இணைத்து, ஒருமுறை நீங்கள் வழமையாக அமரும் இடத்தில். முதலாவது நன்றாகவும் இரண்டாவது மிகக் குறைவாகவும் இருந்தால் பிழை வைஃபையில். கூடிய திட்டம் வாங்குவது வீண்செலவு. முதலாவதே குறைவானால் திகதி, நேரம், அளவு ஆகியவற்றை எழுதிவைத்து நிறுவனத்துடன் பேசவும். எழுத்தில் உள்ள எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

4. பிழை கணனியிலானால்

ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்குப் பின்னும் பார்க்கவும்.

அ) தேவையற்ற பக்கங்களையும் மென்பொருள்களையும் மூடவும். விண்டோஸ் கணனியில் கொன்ட்ரோல், சிவ்ற், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் கணனியின் வேலைப்பளு தெரியும். நூறு வீதத்தை அண்மித்திருந்தால் எந்த மென்பொருள் அதை விழுங்குகிறது என்று பார்த்து மூடவும்.

ஆ) மடிக்கணனியை மின்னில் இணைக்கவும். மின்கலத்தைச் சேமிக்கும் நிலையிற் கணனி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

இ) பிரவுசரின் தனிப்பட்ட சாளரத்தில் ஒளிபரப்பைத் திறக்கவும். அதில் ஓடினால், நீங்கள் பின்னர் சேர்த்த துணைமென்பொருள் ஒன்றோ பழைய சேமிப்போ தடையாக உள்ளது. அவற்றை நீக்கவும்.

ஈ) வேறொரு பிரவுசரில் முயலவும். குரோமில் வராதது பயர்பொக்ஸில் வரலாம். இன்ரநெற் எக்ஸ்புளோரரை இன்னும் வைத்திருப்போர் அதை விட்டுவிடவும். அதன் சேவை 2022 ஜூன் மாதத்துடன் முடிந்தது.

உ) ஒலி வந்து, படம் மாத்திரம் கறுப்பாகவோ பச்சையாகவோ தெரிந்தால், பிரவுசரின் அமைப்புகளில் கிராபிக்ஸ் முடுக்கம் என்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கவும்.

ஊ) பிரவுசரையும் கணனியையும் புதுப்பித்து வைத்திருக்கவும். விண்டோஸ் 10க்கான வழமையான இலவச ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிவுற்றது என்பதையும் கவனிக்க.

ஒரு முக்கிய எச்சரிக்கை. ஒரு பக்கம் 'படத்தைப் பார்க்க பிளாஷ் பிளேயரைப் புதுப்பிக்கவும்' என்று கேட்டால் உடனே வெளியேறவும். அடோபி நிறுவனம் பிளாஷை 2020 டிசம்பர் 31 உடன் கைவிட்டது. இன்று அதன் பெயரால் வருவது கள்ள மென்பொருளே. அவ்வாறே 'உங்கள் கணனியில் வைரஸ், இந்த இலக்கத்தை அழையுங்கள்' என்று திரையில் தோன்றினால் அழைக்க வேண்டாம். முன்பின் அறியாதவருக்குக் கணனியைத் தூரத்திலிருந்து இயக்கும் அனுமதியைக் கொடுக்கவே கூடாது. வங்கிக் கணக்கும் அதே கணனியில்தான் இருக்கிறது.

5. படம் உண்டு, சத்தம் இல்லை

முதியோர் அதிகமாகக் கேட்கும் கேள்வி இது. பின்வரும் ஒழுங்கிற் பார்க்கவும்.

படத்தின் மேல் உள்ள ஒலிபெருக்கி அடையாளத்தில் குறுக்குக் கோடு இருக்கிறதா? 2018 முதல் குரோம் பிரவுசர், தாமாகத் தொடங்கும் படங்களைப் பெரும்பாலும் ஒலியின்றியே ஓடவிடுகிறது. அடையாளத்தை ஒருமுறை அழுத்தினாற் போதும்.

அடுத்து, கணனியின் ஒலி எங்கே போகிறது? எச்.டி.எம்.ஐ கேபிளால் தொலைக்காட்சியுடன் இணைத்திருந்தால் ஒலியும் அங்கே போயிருக்கலாம். புளூரூத் காதொலிப்பான் மேசை இழுப்பறைக்குள் கிடந்து தனக்குத் தானே பாடிக்கொண்டிருக்கவும் கூடும். திரையின் வலது கீழ்மூலையில் ஒலி அடையாளத்தைத் திறந்து, சரியான ஒலிபெருக்கியைத் தெரிவு செய்யவும்.

இரண்டும் சரியாக இருந்தும் ஓரிரு பாடல்களின்போது மாத்திரம் சத்தம் அற்றுப் போனால், அது உங்கள் பிழையன்று. பதிப்புரிமை உள்ள இசையைக் கண்டறிந்து ஒலியை அடக்கும் ஏற்பாடு சில தளங்களில் உண்டு.

6. பழைய வானொலித் தளங்கள்

இணைய வானொலிகள் சிலவற்றின் பக்கம் திறக்கும்; பொத்தானை அழுத்தினால் ஒலி வராது. பாதுகாக்கப்பட்ட முகவரியுள்ள பக்கத்தினுள் பாதுகாப்பற்ற பழைய முகவரியிலிருந்து ஒலி வந்தால், அதைப் புதிய பிரவுசர்கள் மறித்துவிடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். வீ.எல்.சி என்னும் இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து பெற்று, 'இணைய ஓடையைத் திற' என்னும் பகுதியில் வானொலியின் ஒலி முகவரியை இட்டால் பல வேளைகளில் ஒலிக்கும். முகவரியை வானொலி நிலையத்தாரிடமே கேட்டுப் பெறலாம்.

7. முன்னாயத்தம்

நேரத்தைத் தவறாகக் கணித்து நிகழ்ச்சியையே தவறவிட்டோர் உண்டு. இலங்கை நேரம் ரொறன்ரோவுக்குக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும், குளிர்காலத்திற் பத்தரை மணித்தியாலமும் முந்தியது. மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறும், நவம்பர் மாதத்து முதல் ஞாயிறும் இது மாறும் நாட்கள். நல்லூர்த் தேர் ஆவணி மாதத்தில் அங்கு காலை ஏழு மணிக்கு அசைந்தால், இங்கு முதல்நாள் இரவு ஒன்பதரை. 'நாளைக்குத் தேர்' என்று ஊரிற் சொன்னால், இங்கே இன்றிரவே அமர வேண்டும்.

முதல்நாளே கணனியை ஒருமுறை நிறுத்திப் போட்டு, அதே இருக்கையில், அதே தளத்தில், வேறொரு நேரடி நிகழ்ச்சியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்க்கவும். தொலைபேசியில் மின்னேற்றி வைக்கவும். ஒளிபரப்பின் முகவரியை இரண்டு உறவினருக்கும் அனுப்பி வைக்கவும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே படம் பிடிப்பவரிடம் கமெராவிலும் தனியே பதிவு செய்யச் சொல்லவும். ஓடையில் போனது போனதுதான். கமெராவில் இருப்பது இருக்கும்.

நிறைவாக

தந்தையாரின் அந்தியேட்டி முப்பத்தோராம் நாள் கீரிமலையில் நடந்தது. இம்முறை கேபிள் இழுத்து, தரத்தை 480இல் வைத்து, மச்சானைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு அமர்ந்தோம். கடற்கரையில் தம்பி தண்ணீருக்குள் இறங்கும்போது படம் நின்றது. கை தானாகவே சுட்டியை நோக்கிப் போயிற்று. 'மச்சான், உங்களுக்கு?' என்றோம். 'எனக்கும் நிண்டிட்டுது' என்றார். பிழை அங்கே என்று தெரிந்தது. கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரு நிமிடத்தின் பின் தம்பி ஈர உடுப்புடன் கரையேறி வருவது தெரிந்தது. மிகுதி எல்லாவற்றையும் பார்த்தோம்.

பயிற்சி

கீழ்வரும் நிலைகளிற் பிழை எந்தப் பகுதியில் என்று வீட்டில் எல்லோருமாகச் சிந்தித்துப் பாருங்கள்.

(1) கணனியிலும், சொந்தத் தரவில் உள்ள தொலைபேசியிலும், லண்டன் பெரியம்மா வீட்டிலும் ஒரே நேரத்திற் படம் நிற்கிறது.
(2) மாலையில் பிள்ளைகள் வீடு வந்த பின் மாத்திரம் எல்லாத் திரைகளிலும் படம் நிற்கிறது. சொந்தத் தரவில் உள்ள தொலைபேசியில் நிற்கவில்லை.
(3) வீட்டு வைஃபையில் தொலைபேசி நன்றாக ஓடுகிறது. பக்கத்தில் உள்ள கணனியில் மாத்திரம் படம் திக்கித் திக்கி வருகிறது.

விடைகள்: (1) அனுப்பும் பக்கம், காத்திருக்கவும். (2) வீட்டு இணைப்பு, தரவிறக்கங்களை நிறுத்தவும். (3) கணனி, நான்காம் பகுதியை ஒவ்வொன்றாகச் செய்யவும்.

இப்பக்கத்தை வெட்டிக் கணனி மேசையருகே ஒட்டி வைத்துக்கொண்டால், தேவைப்படும் இரவில் தேடவேண்டியிராது.